காபிக்கு எத்தனை வயது?

பிள்ளைகளுக்கு எந்த வயதில் காபி கொடுக்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் எண் தயாராக இருக்கும். பன்னிரண்டு என்பார் ஒருவர். பதினாறு என்பார் இன்னொருவர். பள்ளிப் படிப்பு முடியட்டும் என்பார் மூன்றாமவர். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு தடுமாறும். "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் வராது. இன்னொரு கட்சியும் உண்டு: "நாங்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்தே குடிக்கவில்லையா, என்ன ஆகிவிட்டது?" இவர்களிடம் வாதாடிப் பயனில்லை. என்ன ஆகியிருக்கக்கூடும் என்பதை அளந்து பார்க்க இன்னொரு வாழ்க்கை யாருக்கும் கிடைப்பதில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு மகளும் எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகள் காபி கேட்கத் தொடங்கிய பிறகுதான், என்னிடமும் ஓர் எண் மட்டுமே இருக்கிறது, காரணம் இல்லை என்பது உறைத்தது. காரணம் இல்லாத தடையைப் பதினான்கு வயதுப் பெண்ணிடம் வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. எனவே உட்கார்ந்து படித்தேன். மருத்துவர் ஒருவரிடமும் பேசினேன். கடைசியில் நான் வந்து சேர்ந்த இடத்தில் வயது இருந்தது, ஆனால் முதல் வரிசையில் இல்லை.

முதலில் ஒரு பழைய பயத்தை ஓரமாக வைத்துவிடலாம். காபி குடித்தால் வளர்ச்சி நின்றுவிடும், பிள்ளை குள்ளமாகிப் போகும் என்று உலகம் முழுக்கத் தாய்மார்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பயம் பரவியதில் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்ற ஊரில் சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் 1895-ல் வறுத்த கோதுமையிலிருந்து செய்த 'போஸ்டம்' என்ற பானத்தை விற்கத் தொடங்கினார். காபிக்கு மாற்று என்பதுதான் சரக்கின் முழுப் பெருமையும். ஆகவே காபியைத் திட்டுவதே விளம்பரத்தின் முழு நேர வேலையாக இருந்தது. நரம்பு கெடும், பார்வை கெடும், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவார்கள் என்றெல்லாம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. விற்றவர் பெரும் பணக்காரர் ஆனார். பயம் மட்டும் சமையலறைகளில் தங்கிவிட்டது.

அந்தப் பயத்தில் துளி உண்மை எங்காவது இருக்கிறதென்றால் அது கால்சியத்தில்தான். காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபீன், சிறுநீர் வழியே வெளியேறும் கால்சியத்தின் அளவைச் சற்றே கூட்டுகிறது. எவ்வளவு சற்றே? ஒரு கோப்பைக் காபியால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட ஒன்றிரண்டு மேசைக்கரண்டிப் பால் போதும். பால் கலந்து குடிப்பவருக்கு அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. உண்மையான சேதம் வேறு வழியாக வரும்: காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, காபி வந்ததும் பாலை விட்டுவிடும். அங்கே குற்றவாளி காபி கிடையாது, காலியான பால் தம்ளர்தான்.

சரி, உயரம் குறையாது. பிறகு எதற்காகத் தயங்க வேண்டும்? தூக்கத்துக்காக.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. நரம்புச் செல்களின் மேல் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அடினோசின் அங்கே போய் அமர அமர, 'போதும், படு' என்ற செய்தி பலக்கிறது. மாலையில் கண் சொக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காஃபீன் மூலக்கூறு உருவத்தில் அடினோசினை ஒத்திருக்கிறது. அது முன்கூட்டியே ஓடிவந்து, கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் குறைந்துவிடவில்லை. அது உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது, இன்னும் ஏறிக்கொண்டும் இருக்கிறது. காஃபீன் இறங்கியதும் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள். காபி தெம்பு தருகிறது என்று நாம் பேசுகிறோமே, உண்மையில் அது புதிதாக எதையும் தருவதில்லை. களைப்பு என்ற செய்தி வந்து சேராமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அது எப்போது இறங்கும் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் காஃபீன் ஏறக்குறைய முழுவதுமாக உடலில் சேர்ந்துவிடும். அதில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், சிலருக்கு ஒன்பது மணி நேரம்கூடப் பிடிக்கும். கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் இதைத் தீர்மானிக்கிறது, அந்த நொதியின் வேகம் பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது. சராசரியையே எடுத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்கு நூறு மில்லிகிராம் காஃபீன் உள்ள காபியை ஒரு பெண் குடிக்கிறாள் என்றால், இரவு பத்து மணிக்கு ஐம்பது மில்லிகிராம் அவள் உடலில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு இருபத்தைந்து. பத்து மணிக்கு அரைக் கோப்பைக் காபியைக் கையில் கொடுத்து 'போய்ப் படு' என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஐந்து மணிக் காபியில் நடப்பது அதுவேதான்.

"எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு. வரும். ஆனால் அது முழுத் தூக்கமா என்பது தூங்குபவருக்குத் தெரியாது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பாகப் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய அளவு, பிள்ளைகள் குடிப்பதைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் ஆறு மணி நேர இடைவெளி என்பதும் சின்ன இடைவெளி இல்லையே. அதோடு ஆழ்ந்த உறக்கம் என்று சொல்லப்படும் கட்டத்தைக் காஃபீன் குறிவைத்துக் குறைக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரும் அளவு சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் அந்த ஆழ்ந்த உறக்கத்தில்தான். பகலில் படித்தது நினைவில் பதிவதற்கும் அந்த உறக்கம் தேவை.

இப்போது பதின்வயதுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, பிள்ளைகள் மேல் இல்லை.

பூப்படையும் காலத்தில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின், சிறு குழந்தைகளில் சுரக்கும் நேரத்தைவிடத் தாமதமாகப் பதின்வயதினரிடம் சுரக்கத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குத் தானாக உறங்கிய பிள்ளை பதினைந்து வயதில் பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது திமிர் அல்ல, உடலியல். கைப்பேசி அதை இன்னும் மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராது. மறுபக்கம், அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வகுத்த அளவின்படி ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும். பதினொரு மணிக்கு உறங்கும் பிள்ளை எட்டு மணி நேரம் தூங்கினாலே காலை ஏழாகிவிடும். பள்ளி அதற்குக் காத்திருப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் 2022 ஜூலை முதல் அதை உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. மற்ற எத்தனையோ இடங்களில், உடல் இன்னும் இரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில்தான் காபி நுழைகிறது. தூக்கம் போதாமல் எழும் பிள்ளைக்குக் காலையில் காபி தேவைப்படுகிறது. காலைக் காபி மதியத்தோடு தீர்ந்துபோக, மாலையில் இன்னொன்று தேவைப்படுகிறது. மாலைக் காபி இரவுத் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. மறுநாள் காலை இன்னும் களைப்பு. பெரியவர்களாகிய நாமும் இதே செக்கைத்தான் சுற்றுகிறோம், ஆனால் நமக்கு மூளை வளர்ந்து முடிந்துவிட்டது.

இதையெல்லாம் படித்த பிறகு, மகள் கேட்கும்போது நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி 'எதற்கு?' என்பது என்று பட்டது. அவளிடமிருந்து வெவ்வேறு வேளைகளில் இரண்டு பதில்கள் வந்தன.

ஒரு விடுமுறைக் காலை. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கும் கொஞ்சம் தா."

"எதற்கு?"

"வாசனை நன்றாக இருக்கிறது. நீயும் அப்பாவும் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்கிறீர்கள் இல்லையா, நானும் உட்காருகிறேன்."

பாலில் இரண்டு கரண்டி காபியை ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே முகம் சுளித்தாள், சர்க்கரை கேட்டாள், பாதியில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது நாற்காலி, காபி அதற்கான டிக்கெட்.

இன்னொன்று தேர்வுக்கு முந்தைய இரவு. மணி ஒன்பதரை. கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, காபி போட்டுக் கொடு. இன்னும் இரண்டு பாடம் பாக்கி, தூக்கம் தூக்கமாக வருகிறது."

அன்று கொடுக்கவில்லை. தூக்கம் வருகிறது என்றால் தூங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பாடத்தை மட்டும் புரட்டிவிட்டுப் படுக்கச் சொன்னேன். மற்றதைக் காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முணுமுணுத்தாள். கதவைச் சற்று ஓசையோடு சாத்தினாள். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருக்க, புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள்.

அதே காபி, அதே வீடு, அதே பெண். முதல் முறை கொடுத்ததும் இரண்டாம் முறை மறுத்ததும் முரண் என்று அவள் அப்பா வாதாடினார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. சுவைக்காகவும் கூட உட்காருவதற்காகவும் காலையில் கேட்கும் பிள்ளைக்கு ஒரு சிறிய அளவு தரலாம். களைப்பை மறைப்பதற்காகக் கேட்கும் பிள்ளைக்குப் பதினேழு வயதானாலும் முதலில் தர வேண்டியது படுக்கை. வேளை, அளவு, வயது என்பதுதான் நான் போட்டுக்கொண்ட வரிசை. மதிய உணவுக்குப் பிறகு காபி இல்லை என்ற ஒற்றைச் சட்டம், வயதை வைத்துப் போடும் எந்தச் சட்டத்தையும்விட அதிகம் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை காஃபீன் கவலைக்குரியதல்ல என்றது. கனடாவின் சுகாதாரத் துறை இன்னும் கண்டிப்பு: நான்கிலிருந்து ஆறு வயதுவரை நாளொன்றுக்கு 45 மில்லிகிராம், பத்திலிருந்து பன்னிரண்டு வயதுவரை 85 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட பதின்வயதினருக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. பிள்ளைகளுக்கென்று அது எண் எதையும் வகுக்கவில்லை. இவை 'இவ்வளவு கொடுங்கள்' என்ற சிபாரிசு கிடையாது. இதைத் தாண்டாதீர்கள் என்ற எல்லைக்கோடு மட்டுமே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பொதுவாகப் பிள்ளைகளுக்குக் காஃபீனே வேண்டாம் என்ற பக்கம்தான் நிற்கிறார்கள்.

என் மகளின் எடை நாற்பத்தைந்து கிலோ. கனடாக் கணக்கில் 112 மில்லிகிராம். 240 மில்லி லிட்டர் வடித்த காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். அதாவது ஒரு முழுக் கோப்பையோடு அவளுடைய நாள் கணக்கு ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள மகனுக்கு ஐரோப்பியக் கணக்கிலேயே 75 மில்லிகிராம்தான். அந்தக் கோப்பை அவனுக்கு இப்போதே மிகை. பெரிய கடைகளில் அரை லிட்டர் அளவுக்கு ஒரு நீளக் கோப்பையில் தருகிறார்களே, அதில் இருநூறைத் தாண்டுவது சாதாரணம். அதோடு கொட்டையின் இனம் வேறு இருக்கிறது. ரொபஸ்டா கொட்டையில் அரேபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன். ஒரே நிறம், ஒரே அளவு, இரண்டு வீடுகளில் இரண்டு மடங்கு. 'ஒரு கப்' என்பது அளவே அல்ல.

காபியை மட்டும் எண்ணினாலும் போதாது. ஒரு கோப்பைத் தேநீரில் நாற்பது ஐம்பது மில்லிகிராம், ஒரு டப்பா கோலாவில் முப்பதுக்குச் சற்று மேல், கரும் சாக்லேட்டில் கொஞ்சம். 'என் பையனுக்குக் காபி கொடுப்பதே இல்லை' என்று பெருமைப்படும் வீட்டில் அதே பையன் மாலையில் கோலாவும் இரவில் தேநீரும் குடித்துக்கொண்டிருப்பான். காஃபீன் நீக்கிய காபியிலும் சிறிது எஞ்சியிருக்கும், கோப்பைக்கு இரண்டிலிருந்து பதினைந்து மில்லிகிராம் வரை. சுவைக்காகக் கேட்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. என் மகன் கேட்டால் அதைத்தான் எடுப்பேன். அவனோ காபியின் நாற்றமே ஆகாது என்கிறான். இப்போதைக்கு எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஆற்றல் பானங்கள் என்று விற்கப்படுபவற்றை இந்தக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. அவை வேண்டாம், எந்த வேளையிலும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே பிள்ளைகளின் உணவில் அவற்றுக்கு இடமே இல்லை என்று எழுதிவிட்டது. லிதுவேனியா 2014-ல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அவற்றை விற்பதைத் தடை செய்தது. லாட்வியாவும், 2024 தொடக்கத்தில் போலந்தும் அதே வழியில் போயின. 250 மில்லி லிட்டர் டப்பாவில் 80 மில்லிகிராம் காஃபீன் என்பது ஒரு கோப்பைக் காபியைவிடக் கூடுதல் இல்லையே என்று கேட்கலாம். சூடான, கசப்பான காபியை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. குளிர்ந்த, இனித்த டப்பாவைத் தாகத்துக்குக் குடிக்கலாம், உடனே அடுத்ததைத் திறக்கலாம். கசப்பு ஒரு காவல். பாலும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்துக் கசப்பைக் கொன்றுவிட்ட குளிர்காபிகளிடமும் எனக்கு அதே சந்தேகம் உண்டு. அவற்றில் பலவற்றைக் காபி என்பதைவிட இனிப்பு என்று சொல்வதே பொருத்தம்.

தென் கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுப் பள்ளிகளில் காபி விற்பனையே கிடையாது, ஆசிரியர்களுக்கான தானியங்கி இயந்திரங்கள் உட்பட. தேர்வுக்காக இரவெல்லாம் விழிக்கும் மாணவர்கள் காஃபீன் மிகுந்த பானங்களைக் குடித்துக்கொண்டிருந்ததுதான் பின்னணி. பள்ளிக்குள் காபியைத் தடுத்தார்கள். இரவெல்லாம் விழிக்க வைக்கும் தேர்வை யாரும் தொடவில்லை.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பேசப்படுவதே இல்லை. தானியங்களிலும் கீரைகளிலும் பருப்புகளிலும் உள்ள இரும்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவதைக் காபி தடுக்கிறது. இதைச் செய்வது காஃபீன் இல்லை, காபியிலுள்ள பாலிஃபீனால்கள்; ஆகவே காஃபீன் நீக்கிய காபியும் இதில் விதிவிலக்கல்ல. 1983-ல் வந்த ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பைக் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. தேநீருக்கு 64 சதவீதம். மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்பு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருக்கிறது. இரும்பு குறைந்தால் களைப்பு வரும். களைப்பு வந்தால் காபி கேட்பாள். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு இன்னும் குறையும். எப்போதும் சோர்வாக இருக்கிறேன் என்று சொல்லும் பெண்ணுக்குக் காபி கலப்பதற்கு முன்னால் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுகிறோம். விடுமுறை நாட்களில் அது சுலபம். பள்ளி நாட்களில் முடியாது, எனவே பள்ளி நாட்களில் மகளுக்குக் காபி இல்லை. அவள் இதை ஒத்துக்கொண்டாள், காரணத்தோடு சொன்னதால் என்றுதான் நம்புகிறேன்.

சில பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், பதற்றம் அதிகமுள்ளவர்கள், கவனக் குறைபாட்டுக்கு ஊக்க மருந்து எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தியோஃபிலினும் காஃபீனும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகள் காஃபீன் வெளியேறும் வேகத்தையே குறைத்துவிடும். ஏற்கெனவே மேடை ஏறினால் கை நடுங்கும் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டிக்கு முன்னால் 'தெம்புக்கு' என்று காபி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுக்கம் இரட்டிப்பாகும், பிள்ளை அதைத் தன் பயம் என்றே நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் காஃபீனை நஞ்சு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சு திடீர் திடீரென்று நின்றுபோகும். அவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கொடுக்கப்படும் மருந்து காஃபீன்தான், காஃபீன் சிட்ரேட் என்ற உப்பு வடிவத்தில். 2006-லும் 2007-லும் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, அதைப் பெற்ற குழந்தைகளின் நுரையீரல் பாதிப்பு குறைந்ததையும் பின்னாளைய வளர்ச்சி மேம்பட்டதையும் காட்டியது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதை உடைக்கத் தெரியாது. பாதி வெளியேறவே மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்பதால் அளவை மில்லிகிராம் சுத்தமாகக் கணக்கிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்குக் கொடுக்கலாம், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இரவு ஒன்பதரைக்குக் கொடுக்கக் கூடாது. எதற்காக, எவ்வளவு, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வயது என்ன என்று இன்னும் கேட்பவர்களுக்கு: பன்னிரண்டுக்குக் கீழே காபி வேண்டாம் என்பது என் முடிவு. எடை குறைவு, எல்லை குறுகல், தூக்கத் தேவை மிக அதிகம். பெரியவர் கோப்பையிலிருந்து ஒரு வாய் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம், அதற்கெல்லாம் வீட்டில் நீதிமன்றம் கூட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை எப்போதாவது, அரைக் கோப்பை, காலையில், பால் மிகுதியாக. அதற்கு மேல் பிள்ளையே எடையைப் பெருக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும், அந்த வயதில் அதுகூடத் தெரியாவிட்டால் கவலை காபியைப் பற்றியது மட்டும் இருக்காது. ஒவ்வொரு நாளும் குடித்தே தீர வேண்டும் என்ற நிலை மட்டும் பள்ளிக் காலத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு படிப்புக்கு ஒன்று. "ஒரே நாளில் நிறுத்திவிட்டேன், தலைவலி என்று உருளுகிறான்" என்று அக்கா தொலைபேசினாள். உருளத்தான் செய்வான். நாள்தோறும் நூறு மில்லிகிராம் குடித்துப் பழகிய உடல்கூட, நிறுத்திய பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாவற்றையும் காட்டத் தொடங்கும். இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குமேல்கூட நீடிக்கலாம். இது நடிப்பு இல்லை. மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டிலேயே 2013-லிருந்து இதற்கு இடமுண்டு.

படிப்படியாகக் குறைக்கச் சொன்னேன். முதலில் இரவுக் கோப்பை, அதிலும் பாதியாக்கி, சில நாள் கழித்து முழுதாக. பிறகு மதியம். காலைக் கோப்பையை இப்போதைக்குத் தொட வேண்டாம். தேர்வு நெருங்கும் வாரத்தில் தொடங்கக் கூடாது, விடுமுறையின் முதல் வாரத்தில் தொடங்கினால் வேண்டிய மட்டும் தூங்கிக்கொள்வான். தலைவலிக்கு மாத்திரை கேட்டால் அட்டையைத் திருப்பிப் படிக்கவும் சொன்னேன், சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனும் சேர்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் அக்கா எழுதிக்கொண்டாள்.

"அவன் குறைக்கும் அந்த வாரத்தில் நீயும் உன் இரவுக் காபியை விட்டுவிடேன், அக்கா" என்றேன்.

"அது வேறு, இது வேறு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.